நினைவிலிருந்து நிலக்காட்சி: மொரீஷியஸில் வரையத் தொடங்குவோருக்கு

இடத்துக்குப் போய்ப் பார்ப்பது ஒரு நாள். படம் வரைவது வேறொரு நாள், வீட்டில். நடுவில் போட்டோ கிடையாது. உணர்ச்சியோடு நிலக்காட்சி வரைய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். வண்ணத்தை வாரி இறைப்பதும் கத்தியால் அப்புவதும் பிறகு தானாக வரும்.

போட்டோ ஏன் வேண்டாம்? போன் கேமரா எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை தரும். மலைக்கும் மின்கம்பிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நிழலை வெளிச்சமாக்கும், பச்சையைக் கூட்டும், தூரத்து இலையையும் கூர்மையாகக் காட்டும். அதைப் பார்த்து வரைகிறவர் அதன் முடிவுகளையே நகலெடுக்கிறார். நினைவு அப்படியில்லை, இரண்டு நாளில் முக்கால்வாசியை உதறிவிடும். மிச்சம் நிற்பதுதான் படம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஓவியம் கற்பித்த ஓராஸ் லெகோக் தெ புவாபோத்ரான் (1802–1897) இந்த நினைவையே ஒரு பாடமாக வைத்துப் பயிற்சி கொடுத்தார். சிற்பி ரொதான் அவரிடம் படித்தவர். பிரெஞ்சு ஓவியர் பொன்னார் (1867–1947) சின்னப் பென்சில் குறிப்புகளை வைத்துக்கொண்டு அறைக்குள்தான் வண்ணம் தீட்டினார். ஆகவே இது குறுக்குவழி என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

எந்த இடம்

முதல் படத்துக்கு லெ மோர்ன் பாறையும் ஷமரெலின் ஏழுவண்ண மண்ணும் வேண்டாம். அவை கடைதோறும் அஞ்சலட்டையில் தொங்குகின்றன. வரைய உட்கார்ந்தால் கை அந்த அட்டையைத்தான் வரையும். பல வருடம் போகவர இருந்த இடமாகப் பாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து தெரியும் கரும்பு வயல், தாத்தா வீட்டுக்குப் பின்னால் இருந்த ஃபிலாவோ (சவுக்கு) வரிசை, கோவிலுக்கு ஏறும் சாலை போன்றவை.

இந்தக் கட்டுரைக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். காத்ர் போர்ன் பக்கமிருந்து தெரியும் கோர் தெ கார்த் மலை. தைப்பூசக் காவடிக்குப் போனவர்களுக்கு அதன் அடிவாரத்து முருகன் கோவிலைச் சொல்ல வேண்டியதில்லை. முன்னே கரும்பு, நடுவில் கருங்கல் குவியல், பின்னே மலை. வயல் திருத்தியபோது நம் முன்னோர் போன்ற தொழிலாளர்கள் கையால் பொறுக்கிக் குவித்த எரிமலைக் கற்கள் அவை. இயந்திரங்கள் ஓடுவதற்காகப் பல வயல்களில் அகற்றிவிட்டார்கள். இருந்த இடத்தில் இல்லாத ஒன்றை நினைவிலிருந்துதானே வரைய முடியும்!

பார்க்கும் நாள்

அரை மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் நோட்டைத் திறக்காதீர்கள். கண்ணை நன்றாகச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மங்கி நாலைந்து பெரிய திட்டுகள்தான் மிஞ்சும். எது மிக இருட்டு, எது மிக வெளிச்சம், எது எதைவிடப் பெரியது என்று மட்டும் பாருங்கள். பிறகு காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "வானம் மலையைவிட வெளிச்சம். கரும்பு இரண்டுக்கும் நடுவில். குவியல்தான் எல்லாவற்றிலும் இருட்டு. மலையின் இடது சரிவு செங்குத்து, வலது சரிவு படுத்திருக்கிறது." திரும்பிச் சரிபாருங்கள். தவறியதை மட்டும் மறுபடி பாருங்கள். ஓவியர் விஸ்லர் லண்டனில் தேம்ஸ் கரையின் இரவுக்காட்சிகளை இப்படித்தான் முதுகைத் திருப்பி நின்று ஒப்பித்து மனத்தில் ஏற்றிக்கொண்டார் என்று உடன் நடந்தவர் எழுதிவைத்திருக்கிறார். தனியாகப் போகாதீர்கள், கேட்டுத் திருத்த ஓர் ஆள் இருந்தால் பயிற்சி இரட்டிப்பாகப் பலிக்கும்.

அதன்பின் நோட்டு. குறிப்பெடுக்கும் முறையை வெளியே தேட வேண்டாம். அகப்பாட்டு இலக்கணம் ஒரு நிலத்தை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. பக்கத்தை மூன்று பத்தியாக மடித்துக்கொள்ளுங்கள். ‘முதல்’ பத்தியில் நிலமும் பொழுதும்: ஜூன் மாதம், மாலை 4.30, காற்று தென்கிழக்கு, தூறல் நின்று பத்து நிமிடம். கருவில் அங்கே உள்ளவை: கரும்புப் பூ, கற்குவியல், ஒரு மைனா, கோவில் கோபுரத்தின் நுனி. உரியில் மனத்துக்கு என்ன நேர்ந்தது என்று ஒரே வரி: "வீட்டுக்கு நேரமாகிவிட்டது" என்பது போல. அழகு, அமைதி என்றெல்லாம் எழுதினால் பயன்படாது. அந்தச் சொற்கள் எந்த இடத்துக்கும் பொருந்தும். எந்த வண்ணத்தையும் தேர்ந்தெடுக்க உதவா. "நேரமாகிவிட்டது" என்றால் உடனே தெரிகிறது: நிழல் நீளம், வானத்தின் கீழ்ப்பகுதிதான் வெளிச்சம், மலை முன்னால் சாய்ந்துவருவது போல இருக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. கைக்குக் கிடைக்கும் ஓவியப் புத்தகங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. அவற்றில் சூரியன் தெற்கே இருக்கும். நாம் தென் அட்சம் 20 பாகையில் இருக்கிறோம். வருடத்தின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. மலையின் தெற்கு முகம்தான் நிழல். நவம்பர் கடைசிவாக்கிலும் ஜனவரி மூன்றாம் வாரத்திலும் அது உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். அப்போது நண்பகலில் போனால் நிழலே இருக்காது, மலை தட்டையாகத் தெரியும். காலை 8க்கு முன், மாலை 4க்குப் பின் போங்கள். வீட்டில் வரையும் ஜன்னலுக்கும் இதே கணக்கு: புத்தகத்தில் "வடக்கு ஜன்னல்" என்று இருந்தால் இங்கே தெற்கு ஜன்னல் என்று படித்துக்கொள்ள வேண்டும்.

நம் உதாரணத்தில், காத்ர் போர்னிலிருந்து பார்க்கையில் மாலைச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். ஊரைப் பார்த்த முகம் முழுக்க நிழல். காலையில் அதே முகம் ஒவ்வொரு மடிப்பும் தெரிய வெளிச்சமாக இருக்கும். ஒரே இடம், இரண்டு வேறு படம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கலக்காதீர்கள். காலையின் மலையும் மாலையின் வானமும் ஒரே தாளில் வந்தால், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ பொய் என்று உணர்ந்துவிடுவார்.

இரண்டு நாள் இடைவெளி, நாலு சின்னக் கட்டங்கள்

இரண்டு நாள் நோட்டைத் தொடாமல் இருங்கள். மூன்றாம் நாள், நோட்டைத் திறக்காமலே, ஒரு தாளில் 6×8 செ.மீ. அளவில் நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் அந்த இடத்தை வரையுங்கள். மென்மையான 4பி பென்சில். மூன்றே அடர்த்தி: தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், கருப்பு. நாலும் ஒன்றுபோல் வரக்கூடாது. ஒன்றில் மலையைக் கட்டத்தின் மேல்விளிம்பு வரை ஏற்றுங்கள், ஒன்றில் கற்குவியலைப் பெரிதாக்குங்கள், ஒன்றில் வானத்துக்கு முக்கால் பங்கு கொடுங்கள். முடிந்தபின் நோட்டின் உரிப் பத்தியைப் படித்து, அந்த வரிக்கு எந்தக் கட்டம் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். அதுதான் படம்.

எவ்வளவு மிகைப்படுத்தலாம் என்று கேட்பார்கள். அளவு, வண்ணம், விளிம்பு மூன்றில் ஒன்றை மட்டும் மிகைப்படுத்துங்கள். மற்ற இரண்டும் நிலத்தோடு ஒட்டி நிற்கட்டும். மலையை இரண்டு மடங்கு உயர்த்தினால் வண்ணம் அடங்கியிருக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகத் தூக்கினால் பார்ப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. நம் தீவின் மால்கம் தெ ஷஸால் (1902–1981) வரைந்த குவாஷ் (தண்ணீரில் கரையும் அடர்வண்ண) படங்கள் குழந்தை வரைந்ததைப் போல எளிமையாகத் தெரியும்; வண்ணம் உச்சத்தில் இருக்க, வடிவங்கள் மட்டும் எப்படித் தெளிவாக நிற்கின்றன என்று கவனியுங்கள்.

சாமான்கள்

சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள தாள் போதும். இரண்டு கை ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிப்பதற்காக அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசுங்கள், முதல் கை குறுக்கே, காய்ந்தபின் இரண்டாம் கை நெடுக்கே. ஜெஸ்ஸோவுக்குப் பதில் கென்கய்ரி (இரும்புச் சாமான்) கடையின் வெள்ளைச் சுவர் பெயிண்ட் பூசுகிறவர்கள் உண்டு. பயிற்சித் தாளுக்குப் பரவாயில்லை. வைத்துக்கொள்ளும் படத்துக்கு வேண்டாம்: மலிவான சுவர் பெயிண்டில் சுண்ணாம்புப் பொடி அதிகம், பசை குறைவு, மேல் வண்ணம் பின்னால் பிடிவிட்டு உரியும். அதே கடையில் வாங்க வேண்டியது 40 மி.மீ. பெயிண்ட் பிரஷ். முதல் அடுக்குக்கு அதைவிட நல்லது ஓவியக் கடையில் இல்லை. இதோடு 20 மி.மீ. தட்டைத் தூரிகை ஒன்று, பேலட் கத்தி ஒன்று, பழைய பருத்தித் துணி, தண்ணீர் தெளிக்கும் புட்டி. மெல்லிய நுனித் தூரிகை வாங்காதீர்கள். கையில் இருந்தால் இலை வரையத் தோன்றும்.

அக்ரிலிக் வண்ணம் ஏழு: டைட்டானியம் ஒயிட் (இது மட்டும் பெரிய ட்யூப்), லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, குவினாக்ரிடோன் மஜந்தா, அல்ட்ராமரைன், தாலோ ப்ளூ. இங்கே ட்யூபில் பெயர் பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். ஓக்ர் ழோன், தேர் தெ சியேன் ப்ரூலே, ஊத்ரமேர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சந்தேகம் வந்தால் ட்யூபின் பின்பக்கத்து நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அல்ட்ராமரைன் எந்தக் கம்பெனியானாலும் பிபி 29 (PB29) தான். கருப்பும் பச்சையும் வாங்க வேண்டாம்.

பச்சைதான் சிக்கல்

புதியவர்களின் படம் கெடுவது முக்கால்வாசி பச்சையால். ட்யூபிலிருந்து வரும் பச்சை மேசை விரிப்பில் இருக்கும், கரும்பு வயலில் இருக்காது. கலந்து பழகுங்கள். சிறு கரண்டி அளவில் பங்குகள்:

இளங்கரும்பு: லெமன் யெல்லோ 4, ஓக்கர் 2, தாலோ ப்ளூ பல்குச்சி நுனியளவு. தாலோவின் வீரியம் அப்படி. கரண்டியால் அள்ளினால் மொத்தமும் நீலமாகிவிடும். எப்போதும் மஞ்சளுக்குள் நீலத்தைச் சேருங்கள், நீலத்துக்குள் மஞ்சளை அல்ல.

முற்றிய கரும்பு: ஓக்கர் 3, அல்ட்ராமரைன் 1, லெமன் யெல்லோ 1. சற்றே அழுக்காக வரும். அதுதான் சரி.

மலைக்காடு: அல்ட்ராமரைன் 2, ஓக்கர் 1, மஜந்தா துளி. பச்சை என்று சொல்ல முடியாத ஒரு நிறம் கிடைக்கும். பக்கத்தில் கரும்பு வந்ததும் பச்சையாகிவிடும்.

கரும்புப் பூ மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் வெள்ளிபோல் நிற்கும். வெறும் வெள்ளையில் போட்டால் பஞ்சு ஒட்டியது போலாகும். வெள்ளையில் மஜந்தாவும் ஓக்கரும் துளித்துளி கலந்து, தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, ஈரமில்லாமல் ஒரே வீச்சில் இழுங்கள். தாளின் சொரசொரப்பில் அங்கங்கே பிடித்தால் போதும்.

கருங்கல்லுக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சரிபாதி. நீலத்தைக் கூட்டினால் ஈரக்கல், சியன்னாவைக் கூட்டினால் வெயில்பட்ட கல்.

கடலை வரைகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லகூன் வெளிர்நீலமாகத் தெரிவது அடியிலுள்ள வெண்மணலால். பவளத்திட்டைத் தாண்டியதும் ஆழம் சடாரென்று இறங்கி நிறம் கிட்டத்தட்ட கருநீலமாகிவிடும். நடுவே வெள்ளைக் கோடாக அலை உடைகிறது. கரையிலிருந்து அடிவானம் வரை ஒரே நீலம் பூசினால் அது நீச்சல்குளம். சூயாக் பக்கம் கிரி கிரியில் பவளத்திட்டே இல்லை, அலை நேரே பாறையில் மோதுகிறது. அங்கே வெளிர்நீலத்துக்கு வேலை குறைவு.

மூன்று அடுக்குகள்

தாளை பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும் கலந்த நீர்த்த வண்ணத்தால் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். நம் செம்மண் நிறம். வெள்ளைத் தாளில் எந்த நிறமும் அடர்த்தியாகத் தெரிந்து கை பயப்படும்; செம்மண் மேல் பச்சைக்கு உடனே உயிர் வரும், அங்கங்கே அடி தெரிந்தாலும் மண்ணாகவே இருக்கும்.

முதல் அடுக்குக்குப் பதினைந்து நிமிடம். பென்சில் கோடு வேண்டாம். தேர்ந்த சின்னக் கட்டத்தை மட்டும் முன்னால் வைத்து, 40 மி.மீ. பிரஷால் நாலைந்து திட்டுகளாக வானம், மலை, குவியல், கரும்பு. வண்ணத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் சேர்க்காதீர்கள்; பசை நீர்த்து, காய்ந்தபின் தேய்த்தால் கையோடு வரலாம். வானத்தைக் கடைசியில் வைத்து, மலையின் விளிம்பை வானத்தால் வெட்டுங்கள். மலைக்கு வெளிக்கோடு போட்டுப் பிறகு நிரப்பினால் அது காகிதத்தில் கத்தரித்து ஒட்டியது போல் இருக்கும்.

காயும் நேரம் ஊரைப் பொறுத்தது. தென்கிழக்குக் காற்றடிக்கும் கடலோர வீட்டில் மெல்லிய அடுக்கு பத்து நிமிடத்துக்குள் காயும், வண்ணம் கலக்கும் தட்டிலேயே தோல் கட்டிவிடும். தெளிப்பான் பக்கத்தில் இருக்கட்டும். க்யூர்பிப் பனியில் ஒரு மணி நேரமானாலும் ஆகும். முடிடிரையர் காட்டலாம். முழுக்கக் காயாமல் அடுத்த அடுக்கைத் தொட்டால், அடியிலுள்ளது கிளம்பிச் சேறாகும். எல்லா இடமும் ஒரே சாம்பல்பழுப்பாக வருவதற்கு முதல் காரணம் இந்த அவசரம். இரண்டாவது, ஒரு கலவையில் மூன்றுக்கு மேல் வண்ணம் போடுவது.

இரண்டாம் அடுக்கில் வண்ணம் தயிர்ப் பதம், தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. 20 மி.மீ. தூரிகை. ஒவ்வொரு திட்டுக்குள்ளும் இரண்டு மூன்று நிறபேதம் மட்டும். இங்கே ஒரு விதி புத்தகத்துக்கு மாறாக நடக்கும்: தூரமானது வெளுத்து நீலமாகும் என்பார்கள். மழை ஓய்ந்த மாலையில் நம் காற்று துடைத்துவிட்டதுபோல் இருக்கும், மலை அடர்ந்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். உங்கள் குறிப்பில் "தூறல் நின்று பத்து நிமிடம்" என்று இருந்தால் மலையை வெளுக்காதீர்கள். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஈரத்தில் வெண்பாலாக இருக்கும் பசை காய்ந்து கண்ணாடியாவதால் வருவது அது. வேண்டிய நிறத்தைவிடச் சற்று வெளிராகக் கலக்க வேண்டும்.

மூன்றாம் அடுக்கு குறைவாகவே இருக்கட்டும். கத்தியால் கல்லின் மேல்முகங்களில் நாலைந்து அப்பு. தூரிகையின் பின்கட்டையால் ஈரக் கரும்பில் கீறல். கீறும் திசை காற்றின் திசை. தென்கிழக்குக் காற்று என்று எழுதியிருந்தால் எல்லாக் கீறலும் ஒரே பக்கம் சாய வேண்டும். நட்டுவைத்தது போல் நிற்கும் கரும்பில் காற்றே இல்லை. தூறலை ஈரத்துணியால் மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்துக் காட்டலாம். கோபுர நுனியைப் போட வேண்டுமா? ஒற்றை அப்பில் வந்தால் வையுங்கள். சிற்பம் வரையத் தோன்றினால் கத்தியால் வழித்துவிடுங்கள்.

நிறுத்துவது எப்போது? கருப் பத்தியிலுள்ள எல்லாமும் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். மைனா வர வேண்டிய அவசியமில்லை. படத்தைத் தலைகீழாக நிறுத்தி இரண்டு மீட்டர் தள்ளிநின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மூன்று அடர்த்தியும் பென்சில் கட்டத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்பது ஒன்றே கேள்வி. இருந்தால் கழுவிவிட்டு எழுந்திருங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் நடுச்சாம்பல் எல்லா இடமும் பரவியிருக்கும். மிக இருட்டான திட்டை மறுபடி ஒரு கை இருட்டாக்கினாலே பாதி சரியாகிவிடும். அதற்கும் அசையாத படத்தைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, அதே குறிப்பிலிருந்து இன்னொரு கட்டத்தை எடுத்துப் புதுத் தாளில் தொடங்குவது சீக்கிரம் முடியும்.

வண்ணம் கழுவிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கியதைத் தாளில் வழித்துக் குப்பையில் போடலாம்.

வார்னிஷ் அவசரமில்லை. தடித்த அப்புகள் உள்ளே காய நாட்கள் எடுக்கும், இரண்டு வாரமாவது விடுங்கள். தாள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே அடுக்கினால் வெயில்காலத்தில் அக்ரிலிக் இளகி ஒட்டிக்கொள்ளும்; நடுவே மெழுகுத்தாள் வையுங்கள். மேட்டுநிலத்து வீடுகளில் பூஞ்சைதான் பெரிய எதிரி: சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்று போகும்படி. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான புயல் மாதங்களில் படங்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றி உயரத்தில் ஏற்றுகிறவர்கள், புயல் போனதும் அவிழ்த்துக் காற்றாட விட மறந்துவிடுகிறார்கள். உள்ளே சிக்கிய ஈரம் இரண்டே வாரத்தில் புள்ளிபுள்ளியாகப் பூக்கும்.